நாலாம் பாகத்தில் செத்திருக்க வேண்டியவர்

டிரிங்... டிரிங்... டிரிங்...!

குழந்தை டாக்டர் போனை எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வயதுப் பயல் அவளுடைய ஸ்டெதாஸ்கோப்பைக் கடித்துக்கொண்டிருந்தான். முதலில் அதை மீட்க வேண்டும்.

நாலாவது தடவை அடித்தபோது எடுத்தாள்.

"டாக்டர்தானே? நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். 'நீலவாயில்' ரசிகர் மன்றத்துக்கு நீங்கதான் செயலாளர்னாங்க..."

"ஆமா. என்ன விஷயம்?"

"உங்க மன்ற ஆபீஸ்ல ஒருத்தர் மண்டை உடைஞ்சு கிடந்தார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. நீங்க கொஞ்சம் வரணும்."

"யாரு...?"

"உங்க கிளினிக்குக்குக் கீழே மருந்துக்கடை வச்சிருக்காரே... அவர்!"



நேற்று சாயங்காலம்தான், இருபது பேர் நடுவில், அந்த மனிதரைப் பார்த்து அவள் கத்தியிருந்தாள்...

'இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க அண்ணே!'

மன்ற ஆபீஸ் ஒரே ஒரு அறை. சுவரெல்லாம் விண்கலப் படங்கள். தரையில் ரத்தம். அதன் நடுவே ஒரு பித்தளை விண்கலப் பொம்மை... மூக்கு வளைந்து கிடந்தது.

"அடிச்சது இதாலதான்," என்றார் இன்ஸ்பெக்டர். "பின்மண்டையில. ரெண்டு அடி! சரி, இந்த நீலவாயில்னா என்ன? நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்லை."

"விண்வெளித் தொடர். இருபத்தாறு வருஷமா வருது. பதினாலு பாகம்."

"அதுக்கா மண்டையை உடைப்பாங்க?"

"அதுக்கில்லை சார். சீட்டுக்கு!"

டாக்டர் சொன்னாள்.

வருஷத்துக்கு ஒரு நாள் மன்றத்தில் ஒரு பெட்டி வைப்பார்கள். தொடரைப் பற்றி வெளியே சொன்னால் மற்ற ரசிகர்கள் உதைப்பார்களே, அந்த மாதிரி கருத்துகளைச் சீட்டில் எழுதிப் போடலாம். பேர் கிடையாது. யார் எழுதியது என்று யாரும் தேடக்கூடாது. தலைவர் சிலதைப் படிப்பார், எல்லோரும் சிரிப்பார்கள், கலைவார்கள்.

இந்த வருஷம் யாரோ அத்தனை சீட்டையும் மன்றத்தின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள்.

பேரோடு!

"ஞாயித்துக்கிழமை காலையில வந்துச்சு சார். சாயங்காலத்துக்குள்ள மன்றமே ரெண்டாப் போச்சு. கல்யாணம் ஆனதிலிருந்து ஒண்ணா உட்கார்ந்து தொடர் பார்த்த ஒரு ஜோடி இப்போ ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கறதில்லை."

"மருந்துக்கடைக்காரர்தான் போட்டார்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"அந்தப் பட்டியல்ல என் பேரும் இருந்துச்சு. என் கையெழுத்தை எங்கம்மாவாலகூடப் படிக்க முடியாது. உலகத்துல அதைப் படிக்கிற ஒரே ஆள் அவர்தான். பதினஞ்சு வருஷமா என் மருந்துச்சீட்டைப் படிக்கிறவர்!"

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணுமே சொல்லலை. நான் கத்தினேன்... தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னார்." அவள் தரையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். "கூடப் பிறக்காத அண்ணன்னு நினைச்சேன் சார். இப்படி முதுகுல குத்திட்டாரே!"

"இந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. தலைவர்கிட்ட ஒண்ணு."

"தலைவர்?"

"என் வீட்டுக்காரர். குரல் கலைஞர். தொடர்ல வர்ற கமாண்டருக்கு முதல் பாகத்திலிருந்தே தமிழ்க் குரல் அவருதுதான்."

"காலையில எங்க இருந்தார்?"

"ஸ்டூடியோவுல... டப்பிங்."

இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்தார். பட்டியலைத் திறந்து படிக்க ஆரம்பித்தார்.

"'ரோபோ அழுத சீன்ல எனக்குச் சிரிப்பு வந்துச்சு.' ம்... இது மன்ற விழாவுல ரோபோ வேஷம் போடறவரே எழுதினதாம்! 'ஏழாம் பாகத்து வில்லன் கேட்டதுல என்ன தப்பு? தண்ணிதானே கேட்டான்!' இது போஸ்ட்மேன். 'கடைசி மூணு பாகமும் டூத்பேஸ்ட் விளம்பரம் மாதிரி இருக்கு.' இது டெய்லர்."

"போதும் சார்..."

"இதோ உங்களுது. 'கமாண்டர் நாலாம் பாகத்துலயே செத்திருக்கணும். அந்தக் குரலை இன்னும் எத்தனை வருஷம் கேக்கறது?'"

டாக்டர் நிமிர்ந்தாள்.

"என்ன... என்ன படிச்சீங்க?"

"நீங்க எழுதினதுதான் மேடம்."

"மறுபடி படிங்க!"

படித்தார்.



ஞாயிற்றுக்கிழமை தன் பேரைப் பார்த்த ஆத்திரத்தில் போனை மூடியவள்தான். அப்புறம் அதைத் திறந்து பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டில் கணவர் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசாதது வேறு அவளைக் குறுகுறுக்க வைத்திருந்தது.

"சார்... நான் பெட்டியில போட்ட சீட்டு இது இல்லை!"

"பின்னே?"

"'கமாண்டர் ஆறாம் பாகத்தோட ஓய்வு எடுத்திருக்கலாம்.' இதைத்தான் போட்டேன். நீங்க படிச்சது முதல்ல எழுதினது. ரொம்பக் காரமா இருக்கேன்னு கசக்கிப் போட்டுட்டேன்."

"எங்க போட்டீங்க?"



"எங்க வீட்டு... குப்பைக்கூடையில."



"சார்! ஆஸ்பத்திரியில அண்ணன் பக்கத்துல யார் இருக்காங்க?"

"கான்ஸ்டபிள் வெளியே நிக்கறான். உள்ளே..." இன்ஸ்பெக்டர் சட்டென்று எழுந்தார். "உள்ளே உங்க வீட்டுக்காரர்! துணைக்கு இருக்கேன்னு அரை மணி முன்னாடிதான் வந்தாராம்!"

ஜீப் பறந்தது!

மூன்றாம் மாடி. லிஃப்ட்டுக்குக் காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை. படிகளில் ஓடினாள். மூச்சு வாங்கியது. கதவைத் தள்ளினாள்...

மருந்துக்கடைக்காரர் கண் விழித்துப் படுத்திருந்தார். தலை முழுக்கக் கட்டு. பக்கத்தில் ஸ்டூலில் அவள் கணவர், நோயாளியின் கையைப் பிடித்தபடி.

"வாம்மா," என்றார் மருந்துக்கடைக்காரர், கம்மிய குரலில். "பயந்துட்டியா? ஒண்ணுமில்லை. கால் வழுக்கி விழுந்துட்டேன்."

கணவர் புன்னகைத்தார். "கேட்டுக்கோங்க இன்ஸ்பெக்டர். வழுக்கி விழுந்தாராம்."

"ரெண்டு தடவையா சார் வழுக்கும்? அதுவும் பின்மண்டையில?"

டாக்டர் கட்டிலருகே போனாள். கணவரைப் பார்க்கவில்லை.

"அண்ணே. நான் கசக்கிப் போட்ட சீட்டை உங்ககிட்ட யார் கொண்டுவந்து குடுத்தா?"

மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க. என் மேல ஆணை!"

"போன வாரம்மா..." அவர் தொண்டையைச் செருமினார். "கடைக்கு வந்தார். 'வீட்டுல கிடந்துச்சு, மருந்துச்சீட்டா பாருங்க'ன்னார். நானும் பழக்கதோஷத்துல சத்தமா படிச்சுட்டேன். முடிச்சப்புறம்தான் என்ன படிச்சேன்னே உறைச்சுது. அவர் சீட்டை வாங்கிட்டுப் போயிட்டார். ஞாயித்துக்கிழமை பட்டியல்ல அதே வரி வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"நேத்து நான் அத்தனை பேர் முன்னாடி கத்தினேனே... ஏன் வாயைத் திறக்கலை?"

"திறந்தா உன் குடும்பம் என்னாகும்மா? தனியா பேசி, அவரையே மன்னிப்புக் கேக்க வைக்கலாம்னு காலையில கூப்பிட்டேன். ஸ்டூடியோவுல வேலை மதியம்தான்னு வந்தார்..."

அவருடைய இன்னொரு கை தலைக்கட்டைத் தொட்டது.

டாக்டர் திரும்பினாள்.

"ஏங்க?"

ஒரே ஒரு வார்த்தை. கணவரின் புன்னகை கரைந்தது.

"என்னையா கேக்கறே? துரோகம் பண்ணது நீ! பத்தொன்பது வருஷம் பக்கத்துல உட்கார்ந்து கைதட்டினே. ஒவ்வொரு பாகம் வந்தப்பவும் 'அருமை'ன்னே. பொய்! எல்லாம் பொய்!"

"அதுக்காக முப்பது பேரைச் சந்தி சிரிக்க வைக்கணுமா?"

"பெட்டியைத் திறந்து படிச்சேன். பதினெட்டுச் சீட்டுல என் கமாண்டரைக் கேலி பண்ணியிருக்காங்க! என் எதிர்ல கட்டிப்பிடிச்சுப் போட்டோ எடுத்த ஆளுங்க! பழைய உறுப்பினர் படிவத்தை வச்சு ஒவ்வொரு கையெழுத்தையும் ஒத்துப் பார்த்தேன். உன் சீட்டை மட்டும் படிக்க முடியலை... குப்பையில கிடைச்ச வரியைப் போட்டேன். இந்த ஆளு வந்து மன்னிப்புக் கேளுங்கறார். நானா? யார்கிட்ட?"

"குரல் அலுத்துப்போச்சுன்னுதாங்க எழுதினேன்," என்றாள் அவள் மெதுவாக. "மனுஷன் அலுத்துப்போச்சுன்னு நான் நினைச்சதே இல்லை... இன்னிக்கு வரைக்கும்."

கழுத்துச் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டு, மருந்துக்கடைக்காரரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணே..."

"அட, அழாதேம்மா. அப்புறம் எனக்கும் தலை வலிக்கும்."

இன்ஸ்பெக்டர் கணவரின் தோளில் கை வைத்தார்.

கணவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மார்பை நிமிர்த்தினார். அடித்தொண்டையிலிருந்து அந்த இடிமுழக்கக் குரல் வந்தது. பதினாலு பாகம் அதிர வைத்த கமாண்டரின் குரல்!

"துரோகிகளுக்கு நடுவே நான் தனியாக நிற்கிறேன். வரலாறு என்னை விடுதலை செய்யும்!"

வாசலில் நின்ற கான்ஸ்டபிளுக்குப் புல்லரித்துவிட்டது. அனிச்சையாக சல்யூட் அடித்தான்.

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"பிரமாதம் சார்! ஆனா வாக்குமூலத்துக்கு டப்பிங் கிடையாது... ஸ்டேஷன்ல சொந்தக் குரல்ல பேசிடுங்க!"