சாயங்காலம் மணக்கும் ஊதாப்பூ

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்...

தூறலில், வேலிக்கு வெளியே, இடுப்புயர ஊதாப்பூச் செடிகள் மொத்தமும் தரையில் கிடந்தன. புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டியபடி நகராட்சி ஆள் ஒருவன் அடுத்த வீட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான்.

“உங்களுக்குக் கண்ணு தெரியாதா?”

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள் அவள். கடைக்கு வருகிறவர்களிடம்கூட இதை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

அவன் இயந்திரத்தை அணைத்தான். “நல்லாவே தெரியுதுங்க. வேலிக்கு உள்ள இருந்தா பூ, வெளிய இருந்தா களை. எங்க கணக்கு அவ்வளவுதான்.” ஒரு பூவை எடுத்து முகர்ந்தான். “இதுல வாசனைகூட இல்லையே?”

“இது சாயங்காலம்தான் மணக்கும். காலையில வந்து வெட்டிட்டுப் போறவங்களுக்கு என்ன தெரியும்?”

கதவைச் சாத்திக்கொண்டாள்.

யாரோ தோட்டத்தில் வளர்த்த பூ, விதை தெறித்து இங்கே தானாகக் காடாக வளர்ந்திருந்தது. வேலை முடிந்து, பேச ஆளில்லாத அறைக்கு அவள் திரும்பும்போது தெருமுனையிலேயே அந்த மணம் வந்து எதிர்கொள்ளும். அவளுக்காகக் காத்திருந்தது அது ஒன்றுதான்... இனி அதுவும் இல்லை.

அன்று மாலை அவன் வந்தான். இயந்திரம் இல்லாமல், தலையைப் படிய வாரிக்கொண்டு. வாடிக்கிடந்த பூக்களை அள்ளி, மிச்சமிருந்த மணத்தை இழுத்தான். ஆவி படிந்த கண்ணாடிபோல் அவன் கண்கள் மங்கின... சன்னலில் பார்த்தவள் வீம்பாகத் திரையை இழுத்துவிட்டாள்.

மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவான். பேசுவதில்லை. அவளும் கூப்பிடுவதில்லை. திரை மட்டும் தினம் ஒரு விரற்கடை விலகியது...

பிறகு ஒரு நாள் அவன் வரவில்லை.

அன்றைக்குப் பார்த்து அண்ணி போனில் பேசினாள். தனியாகக் கஷ்டப்பட்டது போதும், அறையைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிடு என்று வழக்கம்போல் வற்புறுத்தினாள். வழக்கமாக மறுப்பவள், சரி என்றுவிட்டாள்.

மறுநாள் மாலை மழையில் பெட்டியோடு வெளியே வந்தாள். வேலியோரம் அவன்.

“ஊருக்குங்களா?”

“அண்ணன் வீட்டுக்கு. இனி வரமாட்டேன்.” வெறுமையான வேலியோரத்தைப் பார்த்தாள். “பூதான் போயிடுச்சே, நீங்க எதுக்கு வர்றீங்க?”

“முதல் நாள் பூவுக்காகத்தான் வந்தேன்.” முகத்து மழையைத் துடைத்துக்கொண்டான். “அப்புறம் வந்ததெல்லாம்... அந்தத் திரைக்காக. நேத்து காய்ச்சல், எழுந்திருக்க முடியல.”

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் இருந்த வீம்பு எங்கே போயிற்றோ...

“நேத்து எனக்குச் சாப்பாடே இறங்கல,” என்றாள்.