பெட்டி மூடுமுன் எடுத்த படம்

பிலிமத்தலாவையிலிருந்து வந்த பஸ் இருவரையும் கட்டுக்கலையில் இறக்கிவிட்டபோது மழை விட்டிருந்தது. சுவக்கின் வீட்டுப் பூட்டைத் திறந்தான். அவன் மச்சினி கிறேஸ் வாசலிலேயே தயங்கி நின்றாள். செத்துப்போன அக்காவின் வீட்டுக்குள் முதலில் கால் வைக்க யாருக்குத்தான் மனசு வரும்? அடக்கம் முடிந்ததிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு. பூஞ்சணமும் பழைய சாம்பிராணியும் கலந்த ஒரு நாற்றம் முகத்தில் அடித்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு அது. மலேரியாக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போன காலம். சுவக்கினின் மனைவி பியட்றிஸும் அதில்தான் போனாள். அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பிரேதத்துக்குப் பக்கத்தில் இடிச்ச புளி மாதிரி நின்றான். கல்நெஞ்சன் என்றார்கள். சொல்பவர்களுக்கு என்ன, வாய்க்கா பஞ்சம்? பாவி மனுஷனுக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அலுமாரிக்கு மேலே அவனுடைய பெட்டிக் கமெரா இருந்தது. நாடு திரும்பிய ஒரு தோட்டத்துத் துரை ஏலத்தில் விட்டுப்போனது. அதை வாங்கிய நாளிலிருந்து சுவக்கினுக்கு அதுதான் பைத்தியம். பிலிமை ஸ்டூடியோவில் கொடுக்க மாட்டான். பார்மசியில் மருந்து வாங்கிவந்து சாமான் அறையில் தானே கழுவுவான். அந்த வேலைக்குச் சிவப்பு வெளிச்சம்தான் ஆகும் என்று, திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரியும் சிவப்புக் கண்ணாடி விளக்கையே தூக்கிக்கொண்டு போய்விடுவான். "ஆண்டவர் இருட்டுல நிக்க, ஒங்களுக்கு வெளிச்சமா?" என்று பியட்றிஸ் கத்துவாள்.

கிறேஸ் கமெராவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அத அப்படியே ஆத்துல போட்டுருங்க அத்தான்."

"அதுக்குள்ள தான் அவ மொகம் இருக்கு" என்றான் சுவக்கின். "எனக்கு அவ மொகம் மறந்து போச்சு, கிறேஸ். கண்ண மூடுனா சீல தெரியுது, கொண்ட தெரியுது. மொகம் வரமாட்டேங்குது. வேற எந்தப் படத்துலயும் அவ மொகம் சரியா விழல்ல."

"என்ன கத அத்தான் இது! இடது புருவத்துல தழும்பு. சிரிச்சா ஓரத்துப் பல்லு ஒண்ணு எட்டிப் பாக்கும். எனக்கு இப்பவும் முன்னால நிக்கிற மாதிரி இருக்கு."

அவன் கவனமாகக் கேட்டான். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருந்தது.

கிறேஸின் கோபத்துக்கும் காரணம் இருந்தது. பிரேதத்தின் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டுவார்கள். பெட்டியை மூடுமுன் அதை அவிழ்த்துவிட வேண்டும். கட்டோடு போகிற ஆள் எங்கே நடப்பது? அவிழ்க்க வேண்டியவள் தங்கை கிறேஸ்தான். ஆனால் சுவக்கின் பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, சொந்தக்காரரைச் சுற்றி நிறுத்தி, "ஆரும் அசையக் கூடாது" என்று கமெராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். படம் எடுத்த கையோடு மழை கொட்டியது. அவசரத்தில் மூடியைத் தூக்கிவைத்து ஆணி முடுக்கிவிட்டார்கள். கட்டு அப்படியே போய்விட்டது. இருவருக்கும் அது தெரியும். இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் கிறேஸ் அக்காவுக்காகப் பூசைக்குச் சொல்லக் கோயிலுக்குப் புறப்பட்டாள். சுவக்கின் தெருக்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டான். பிறகு சிவப்பு விளக்கோடு சாமான் அறைக்குள் போய் அந்தக் கதவையும் தாழிட்டு, இடுக்குகளில் சாக்கைச் செருகினான்.

பிலிமின் இரண்டு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, மருந்துத் தட்டுக்குள் ஏற்றி இறக்கினான். கை ஓயக் கூடாது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பேராதனைப் பூந்தோட்டத்துப் பனைகள் மெல்ல எழும்பின. குடையோடு பியட்றிஸ். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறித் தெரிந்தாலும் முகம் நேராக விழுந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் ஹைப்போத் தட்டில் போட்டால் முகம் நிலைத்துவிடும். எடுக்கத் தவறினால் மருந்து முழுவதையும் கறுப்பாக்கிவிடும்.

கடைசிப் படத்தில் முற்றம் எழும்பியது. சுற்றி நின்ற சொந்தக்காரர். நடுவில் பெட்டி.

பெட்டிக்குள் ஒருவரும் இல்லை.

டொக்.

வெளியே, ஹாலில். இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையில் விழுந்த சத்தம்.

டொக்.

"கிறேஸ்? கதவத் தொறந்துறாத, பிலிம் பாழாப் போயிரும்!"

கதவு திறக்கவில்லை. ஆனால் அடுத்த சத்தம் அறைக்குள்ளே கேட்டது.

ஈர மண் மணத்தது.

அவனுக்கு ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. கை தன் பாட்டுக்குப் பிலிமை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. குதிகாலில் ஏதோ முட்டியது. மழையில் கிடந்த கல்லைப் போல் குளிர்ந்த இரண்டு பெருவிரல்கள்.

"அவுத்து வுடுங்க."

மூச்சளவு குரல்தான். அத்தனை நாளும் மரத்துக் கிடந்த நெஞ்சில் முதன்முதலாக வலித்தது. வெட்கமாக இருந்தது அவனுக்கு. ஒரு படத்துக்காக இவளை இப்படி அனுப்பிவைத்தோமே!

தட்டைப் பார்த்தான். முகம் தெளிந்துகொண்டிருந்தது. இப்போதே எடுக்க வேண்டும்.

பிலிமைக் கைவிட்டான்.

மேசையின் நிழலில் குந்தித் தடவினான். மண்ணில் ஊறிய துணி முடிச்சு இறுகிப்போயிருந்தது. மருந்து வழுக்கிய விரல்களால் நெடுநேரம் போராடினான். நகம் ஒன்று பிய்ந்தது. கடைசியில் முடிச்சு இளகியது. பாதங்கள் ஒன்றையொன்று விட்டு விலகின.

பிறகு நடந்தன. ஒன்று. மற்றொன்று. ஒன்று. மற்றொன்று.

அவன் நிமிர்ந்தபோது அறையில் ஒருவரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. தட்டில் பிலிம் முனையிலிருந்து முனைவரை தார் பூசினாற்போல் கிடந்தது. பனையும் இல்லை, குடையும் இல்லை. அவள் முகமும் போயிற்று. அழுகை வரும் என்று காத்திருந்து பார்த்தான். வரவில்லை.

'சரி, போய்ச் சேர்ந்திருப்பாள்' என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தான். பின்னேர வெயிலில் கண் கூசியது. ஹாலில் கிறேஸ் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்கவில்லை.

"எப்படி உள்ள வந்த? தெருக்கதவு தாப்பாப் போட்டிருந்துச்சே."

கிறேஸ் அவனைப் பார்க்காமல் சொன்னாள். "தட்டுனேன். அக்கா தான் வந்து தொறந்து வுட்டா."

சுவக்கினுக்கு மேல் சிலிர்க்கவில்லை. அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் முன்னால் மண்டியிட்டான்.

"மொகத்தப் பாத்தியா? எப்படி இருந்துச்சு கிறேஸ்? சொல்லு!"

அவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். விரல் இடது புருவத்துக்குப் போயிற்று. அங்கே ஏதோ தேடியது. வலது புருவத்துக்கு மாறியது. பிறகு கை மெதுவாக மடியில் விழுந்தது.

"இப்பத் தானே பாத்தேன்..." என்றாள். "ஐயோ அத்தான், எனக்கும் நெனப்பு வரல்ல."

குசினியில் யாரோ ஊதாங்குழலால் அடுப்பை ஊதினார்கள். ஈர விறகு புகையும் மணம் ஹாலுக்கு வந்தது. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை.