மிளகுக்கு மட்டும் மருந்தில்லை

அம்பலவாணனைத் தகனம் செய்துவிட்டு வந்த மாலையே வீட்டில் எல்லோரும் துயரணை மருந்து போட்டுக்கொண்டார்கள். மூக்கில் ஒரு துளி. நினைவு எதுவும் அழியாது. அதிலுள்ள வலி மட்டும் போய்விடும். தூத்துக்குடியில் இப்போதெல்லாம் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் மாலையோடு அதையும் வாங்கி வருவதுதான் மரியாதை. மறுநாள் காலை அவர் மனைவி தமயந்தி வழக்கம்போல் இட்லி அவித்தாள். மகள் இளவேனில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

மிளகுக்கு மட்டும் யாரும் எதுவும் போடவில்லை. பூனைக்கு என்ன துக்கம் என்று விட்டுவிட்டார்கள். மழையில் நனைந்து கிடந்த குட்டியை அம்பலவாணன்தான் தூக்கி வந்து வளர்த்தார். அவர் வைத்தால்தான் தின்னும், அவர் காலடியில்தான் படுக்கும். தமயந்தியை அது ஒரு ஆளாகவே மதித்ததில்லை. இப்போது கட்டிலடி, குளியலறை, மொட்டைமாடி என்று அவரைத் தேடி அலைந்தது. லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டால் ஓடிப்போய், வருகிறவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. தீனியைத் தொடவில்லை. அவருடைய அழுக்குச் சட்டையைத் துவைக்க எடுத்த தமயந்தியின் கையைப் பிறாண்டியது.

தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. இத்தனை வருஷம் அவரோடு வாழ்ந்த தனக்குப் பசிக்கிறது, தூக்கமும் வருகிறது.

பழக்கம் மாறிய தடுமாற்றம்தான், பூனைக்குச் சாவென்றால் தெரியாது என்றாள் இளவேனில். ஆனாலும் பட்டினி கிடந்து செத்துவிடக் கூடாதே என்று இருவரும் அதைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனார்கள். அவர் அதன் தலையில் உணர்மானியைப் பொருத்தி, திரையில் எழுந்த கோடுகளை வெகுநேரம் பார்த்தார். துளி போடுவதற்கு முன் மனிதர்களுக்கு வருகிற கோடுகள்தான் இவையும் என்றார். இப்படிப் பார்த்துப் பல வருஷமாகிறதாம். மனிதர்கள் யாரும் இப்போது அந்த நிலையில் ஒரு நாள்கூட இருப்பதில்லை. பூனைக்கும் துயரணை வந்திருக்கிறது, போட்டால் இன்றே சாப்பிடும் என்று சொல்லி எடுத்துவர உள்ளே போனார்.

தமயந்தி மகளைப் பார்த்தாள். "ஏட்டி, நான் செத்தா நீயும் அன்னைக்கே போட்டுக்கிடுவியா?"

இளவேனில் மறைக்கவில்லை. "போடத்தானம்மா செய்வேன். நீ அப்பாவுக்குப் போட்டேல்லா?"

அதில் கோபமோ குத்தலோ இல்லை. அதுதான் தமயந்தியை உலுக்கியது. மருத்துவர் துளியோடு வந்ததும் வேண்டாம் என்றாள். வாயில்லா ஜீவன் வேதனைப்படுகிறதே என்று அவர் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. படட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கத் தன்னால் முடிகிறதே என்று பயமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சாளை மீனை அவித்து, முள்ளெடுத்து, சோற்றில் பிசைந்து மிளகின் முன்னால் உட்கார்ந்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் நகர்ந்து மறுபடி நீட்டினாள். தட்டில் வைத்துவிட்டு எழுந்து வரவேண்டியதுதானே என்று இளவேனில் கேட்டாள்.

"இதுக்கு என்னையப் பிடிக்கணும்ட்டி. நான் செத்தா என்னையத் தேட வேற யாரு இருக்கா?"

இளவேனில் அம்மா கையில் பிசைந்த சோற்றையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், கிண்ணத்தில் கொஞ்சம் மீன் போட்டுக்கொண்டு வந்தாள்.

"தள்ளிக்கோம்மா. நானும் வச்சுப் பாக்கேன்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். மிளகு இரண்டையும் முகர்ந்தது. எதையும் தொடாமல் கண்ணை மூடிக்கொண்டது.