ராக்காயிக்குப் போட்ட இலை

வாசலில் கிடந்த ஜப்பான் சிலிப்பர் ராக்காயியுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முந்தின வாரம், எஸ்டேட்டை விட்டு ஓடிய அவசரத்தில் விட்டுப் போனது. அறுந்த இடது வாரை அப்போதே அப்பா கம்பி போட்டுக் கட்டியிருந்தார். அதில் இப்போது ஈரச் சேறு அப்பியிருந்தது.

அம்மா போட்டுக்கொள்கிறாள்போல என்று ராக்காயி நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை. கமுந்திங் ஃபேக்டரியில் ஷிப்டு முடித்து, சுங்கை சிப்புட்டுக்கு பஸ் பிடித்து, செம்மண் சாலை முழுக்க நடந்து வந்த கால்கள். அங்கே கூட வேலை செய்யும் காளியம்மாவோடு ஒரே அறையில், ஒரே பாயில், மனசுக்குப் பிடித்தபடி வாழ்கிறாள். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் பெற்றவள் ஒருதரம் ‘வா’ என்று சொல்ல வேண்டும். அவளைத் தலைமுழுகிய அப்பா சின்னையா போன மாசிமாசம் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அம்மா மட்டும்தான். கேட்டுப் பார்க்கலாம்.

தீபாவளிக்கு முந்தின சாயங்காலம். எஸ்டேட் லயத்து வரிசையில் வீட்டுக்கு வீடு செத்தவர்களுக்குப் படையல். அவர்களுக்குப் பிடித்ததை ஆக்கி இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். வந்தவர்கள் தின்றுவிட்டுப் போகட்டும் என்று பொறுத்திருந்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் ராக்காயியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவை மட்டும் வெளியே காணோம்.

சாத்திய கதவுக்குள்ளிருந்து சாம்பிராணிப் புகையோடு கருவாட்டு சம்பல் வாசம் வந்தது. அப்பாவுக்குக் கருவாடே ஆகாது. வீட்டில் அதற்கு உயிரை விடுகிறவள் ராக்காயி ஒருத்திதான்.

ஜன்னல் பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். இரண்டு இலை. அப்பா படத்துக்கு முன்னால் இருந்தது ஈ மொய்த்துக் கிடந்தது. மற்ற இலைக்கு முன்னால், அவளுக்கு எடுத்த கல்யாணச் சேலையில், முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வரை பின்னல்.

ராக்காயி தன் கிராப்புத் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

உயிரோடு இருப்பவளுக்கு அம்மா இலை போட்டிருக்கிறாள். அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். வருவதற்கு ஆளில்லாத இலையில் எது வந்து உட்காரும்?

கதவைத் தட்டினாள். தட்டினால் வந்தது போய்விட வேண்டும்.

“அம்மா! நான்தாம்மா, ராக்காயி. கதவத் தொறம்மா!”

உள்ளே மெல்லும் சத்தம் நின்றது.

“யாரும்மா வாசல்ல?”

கேட்டது ராக்காயியுடைய சொந்தக் குரல்.

“யாரும் இல்லலா, தங்கம்,” என்றாள் அம்மா. “நீ சாப்புடு. ஒடம்பு எளச்சிப் போச்சு. எங்கயும் போயிடாத, என்ன? ஒனக்காகத்தான் நான் வெளியகூட போவாம ஒக்காந்திருக்கேன்.”

ஜன்னல் இடுக்கில் மறுபடி கண்ணை வைத்தாள். இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தில் அப்படியொரு நிறைவை ராக்காயி பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது. பயத்துக்கு நடுவிலும் பொறாமை.

“அம்மா...”

அது திரும்பியது. அவள் முகம். அவள் மூக்குத்தி. ஜன்னல் இடுக்கைப் பார்த்தது. வாய் திறந்து காத்திருந்தது.

அம்மா சோற்றைப் பிசைந்தாள். உருட்டினாள். வலது கை.

அதில் மூன்று விரல்தான் இருந்தது.

“ஆ காட்டு,” என்று கொஞ்சியபடி, சோற்றோடு சேர்த்து அடுத்த விரலையும் அதன் பல்லுக்குள் வைத்தாள்.