இல்லை என்று முடிகிற நோய்

காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் தூண் முன்னால் முப்பது பேர் நிற்பார்கள். அவர்கள் பேச்சைத் திருத்துவது என் வேலை. பதவியின் பெயர் சொல்திருத்துநர்.

"முடியலம்மா," என்பார் ஒரு பெரியவர்.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி. அசதியா இருக்குன்னு சொல்லுங்க."

தூணுக்குள் இருப்பது மறுப்பறிவான் என்கிற இயந்திரம். நாம் சொல்வதைக் கேட்டு நோய்க்குறிப்பு எழுதும்; யார் டாக்டரைப் பார்க்கலாம் என்று முடிவு செய்யும். 'காய்ச்சல் இல்லை' என்றால் காய்ச்சலைக் கழித்துவிடு என்று அதற்குப் பழக்கியிருந்தார்கள். சரிதான். ஆனால் நம் ஆட்கள் பாதி நோயை 'இல்லை' போட்டுத்தானே சொல்கிறார்கள்? கண் தெரியல, சோறு இறங்கல, தூக்கம் வரல. அத்தனையையும் கழித்துவிட்டுப் பச்சை விளக்கைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும். அதைத் திருத்துவதைவிட எங்களைத் திருத்துவது சுலபம் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள்.

சொந்தக்காரருக்கு மட்டும் தூணருகே நான் சொல்லித்தரக் கூடாது. என் குரல் கேட்டால் பதிவு ரத்து. அவர் முப்பது நாள் வரிசைக்கே வர முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் கணவர் கஸ்பார் வரிசையில் நின்றார். எழுந்ததிலிருந்து வலது கையில் உணர்ச்சி இல்லை. வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். "மரத்துப்போச்சுன்னு சொல்லுங்க. அது ஒண்ணு போதும்."

"என்ன செய்கிறது?" என்றது தூண்.

"வலது கை..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வாய் லேசாகக் கோணியிருந்தது. "கை இருக்கதே தெரியல. அந்த வார்த்தை வரல, செலின்."

வார்த்தை வராததுதான் நோய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்தால் முப்பது நாள் போய்விடும். அவரே சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. 'குறை ஏதுமில்லை' என்று சீட்டு வந்தது. பாவி, அப்போதும் நான் பேசவில்லை.

வாசல்படியில் விழுந்தார். விழுந்தவரைத் தூண் எதுவும் கேட்பதில்லை. நேரே உள்ளே கொண்டுபோனார்கள்.

உயிர் பிழைத்தார். மிஞ்சியது ஒரே ஒரு சொல். பசிக்குதா என்றால் "இல்ல". தண்ணி வேணுமா என்றாலும் "இல்ல". இழுத்துச் சொன்னால் தாகம், வெட்டிச் சொன்னால் வலி. இத்தனை வருடமாக எல்லார் பேச்சிலிருந்தும் நான் கழித்துப்போட்ட சொல்லைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகுகிறேன்.

நேற்று கஞ்சி ஊட்டும்போது கேட்டேன். "அன்னைக்கு நான் பேசாம நின்னேனே, என் மேல கோபமா?"

"இல்ல," என்றார்.

அது எந்த இல்ல என்று எனக்குத் தெரியவில்லை.