மாறி விழுந்த முடிச்சு

குடிவரவு விதிகள் மறுபடியும் மாறிய வாரம் அது. வக்கீலம்மாவின் ஆபீஸ் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. மேல்படியில் இருந்தவர் எழுந்து உள்ளே போனால், கீழ்ப்படி வரைக்கும் எல்லாரும் ஒரு படி நகர்ந்து உட்கார்ந்தார்கள். போன மாதம் செல்லுபடியான தாள் இந்த மாதம் செல்லாது என்றார்கள். போன மாதம் குற்றமாக இருந்ததற்கு இந்த மாதம் மன்னிப்பு உண்டு என்றார்கள். எது உண்மை, எது புரளி என்று பிரித்துச் சொல்ல ஊரில் நாலைந்து குடிவரவு வக்கீல்கள்தான் இருந்தார்கள். அந்த நாலைந்து பேருக்கும் சாப்பிட நேரமில்லை.

வக்கீலம்மாவின் குமாஸ்தாவுக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, வாய் ஓயாததால் ஆபீஸில் ஒட்டிக்கொண்டது. தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது, பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது, ஆனால் துப்பறியும் ஆசை மட்டும் மனிதரை விட்டுப் போகவில்லை. வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடுவேன் என்று மார் தட்டுவார். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார்.

அன்று உள்ளே வந்த அம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை. சமையல் வேலை, பிள்ளை பார்க்கும் வேலை என்றாள்.

"தாள் இல்லாதவங்ககூட ஏழு வருஷத்துக்கு மேல இருந்திருந்தா இங்கேயே இருக்கலாமாமே, நிஜமாம்மா?"

"நிஜம்தான்" என்றார் வக்கீலம்மா. "மாசக் கடைசிக்குள்ள எழுதிக் கொடுக்கணும். ஏழு வருஷம் இருந்ததுக்கு ஏதாவது ஆதாரம் வேணும். இல்லேன்னா கிளம்பணும், மறுபடி வர முடியாது."

"நான் வந்து ஒன்பது வருஷம். ஒரே வீடு. ஆனா அவங்க, நான் போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தேன்னு சொல்றாங்க. புது விதி வந்த மறுநாளே பையைக் கையில கொடுத்து அனுப்பிட்டாங்க."

ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "போட்டோ இருக்கா? பிறந்தநாள், கல்யாணநாள்னு எடுத்திருப்பாங்களே?"

"எல்லாத்தையும் நான்தானே எடுத்தேன்" என்றாள் அவள். "எதுலேயும் நான் இல்லை."

"அக்கம்பக்கத்துல யாராவது?"

"வாசல் தாண்ட மாட்டேங்க. தாள் இல்லாதவளாச்சே. அவங்களுக்கும் பயம், எனக்கும் பயம்."

"போன்? பேங்க்? ஆஸ்பத்திரி?"

எதற்கும் தலையாட்டல்தான் பதில். ரேடியோ அசரவில்லை. "வீட்டுல பிள்ளை இருக்கில்ல? அது சொல்லுமே! கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டா போச்சு."

அதுவரை தணிந்த குரலில் பேசியவள் சட்டென்று நிமிர்ந்தாள். "வேண்டாங்க. பதினாலு வயசுப் பொண்ணு. பெத்த அப்பாவுக்கு எதிரா அவளை நிறுத்தாதீங்க. அதுக்கு நான் போயிடறேன்."

"அந்தப் பொண்ணை ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், போதுமா? ஊர்ல யார் இருக்காங்க உங்களுக்கு?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"யாரும் இல்லம்மா. அம்மா இருந்தா. அவ போனப்பக்கூட என்னால போக முடியலை. போனா திரும்ப விட மாட்டாங்களே. இனிமே அங்க போயி யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்?"

வக்கீலம்மா வக்காலத்துத் தாளை நகர்த்தினார். அவள் பேனாவை இடக்கையில் வாங்கி, முக்கி முக்கிக் கையெழுத்துப் போட்டாள். எழுத எழுத அவள் உள்ளங்கையே எழுத்தின் மேல் நகர்ந்ததால் மை இழுபட்டது. ரேடியோ உச்சுக் கொட்டிக்கொண்டே வேறு தாளை எடுத்தார். வக்கீலம்மா மட்டும் அந்த மைக்கறையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மூவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். அம்மாள் கேட்டுக்கு உள்ளே வர மறுத்துத் தெருவிலேயே நின்றுகொண்டாள். வீட்டுக்காரர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். தரை பளபளவென்று இருந்தது. அவர் முகத்தில்தான் களை இல்லை.

"பாவம், நல்ல பொம்பளைதான்" என்றார். "ஆனா நடக்காததை எப்படிங்க நடந்ததுன்னு சொல்றது? போன வருஷம்தான் வந்தாங்க. அதுக்கு முன்னாடி வீட்டு வேலை, சமையல், பிள்ளையைப் பார்க்கிறது எல்லாமே நாங்களேதான்."

அவர் மனைவி பக்கத்தில் நின்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையில் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வலக்கையில் பென்சில் பறந்தது. தெருவில் நிற்பது யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பாமலிருக்க அவள் படும் பாடு ரேடியோவுக்கே விளங்கியது.

சுவர் அலமாரி முழுக்கக் கோப்பைகள். "எல்லாம் பாப்பா வாங்கினதா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

வீட்டுக்காரர் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. "பின்னே! ஆறு வயசுலேயே ஃபுட்பால் டீம்ல சேர்ந்துட்டா. அந்தச் சின்னக் கோப்பை அந்த வருஷம் வாங்கினது. அந்த வயசுலேயே பூட்ஸ் கயிறை அவளே கட்டிக்குவா, இன்னொருத்தரைத் தொட விடமாட்டா. மத்த பிள்ளைங்க எல்லாம் காலை நீட்டிக்கிட்டு நிக்கும்."

"யாரு சொல்லிக் கொடுத்தது?"

"நான்தான், பக்கத்துல உட்கார வெச்சு. வேற யாரு?"

வக்கீலம்மா சிரித்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வீட்டுக்காரம்மா சமையலறைக்குப் போக, அவரும் பின்னாலேயே போனார். ரேடியோவும் விடவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மரக்கரண்டி தொங்கியது. வக்கீலம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது.

"ரொம்ப நாளா இருக்கோ?"

"இந்த வீட்டுக்கு வந்தப்ப வாங்கினது. பத்து வருஷம் இருக்கும்" என்றாள் வீட்டுக்காரம்மா. டம்ளரை வலக்கையால் நீட்டினாள்.

ரேடியோவுக்கு ஏமாற்றமாகிவிட்டது. துப்பு கிடைக்கும் என்று வந்தால் இவர் கரண்டி விலை விசாரித்துக்கொண்டிருக்கிறாரே! வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது முணுமுணுத்தார். "வேலைக்கு ஆகாது மேடம். சுவர்ல முட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

அப்போது மகள் விளையாடக் கிளம்பி வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பூட்ஸை மாட்டிக் கயிற்றைக் கட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சு விழுந்தது. வக்கீலம்மா மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டார்.

"சார், ஒரே நிமிஷம். அம்மா, நீங்களும் வாங்க. பாப்பா, நீ எதுவும் பேச வேண்டாம். உன்கிட்ட நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

பிறகு அவர் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "அந்த இன்னொரு பூட்ஸுக்கு நீங்க கட்டிவிடுங்களேன்."

"என்ன விளையாட்டு இது?"

"நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

மறுக்க வழியில்லாமல் அவர் மகளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். பூட்ஸை முன்னால் வைத்து, இடக்கையில் வளையத்தைப் பிடித்து, வலக்கையால் கயிற்றைச் சுற்றி இழுத்தார். வக்கீலம்மா அதைப் பிரித்து வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தார். அவளும் அப்படியேதான் கட்டினாள்.

"இப்ப பாப்பா கட்டட்டும்."

பெண் கட்டினாள். வலக்கையில் வளையம். சுற்றி வந்தது இடக்கை. எல்லாமே மாறி நடந்தது. ரேடியோ குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். மயிர்க்கூச்செறிந்தது.

"வலக்கையால எழுதற பொண்ணு" என்றார் வக்கீலம்மா, குரலை உயர்த்தாமல். "ஆனா கயிறு கட்டறப்ப மட்டும் இடக்கைக்காரி. இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு இடக்கைக்காரர். இந்த வீட்டுல நீங்க ரெண்டு பேரும் வலக்கை. தெருவுல நிக்கிறவங்க இடக்கை. காலையில என் முன்னால கையெழுத்துப் போட்டாங்க, பார்த்தேன்."

"பள்ளிக்கூடத்துல யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்ல?" என்றார் வீட்டுக்காரர்.

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்னு கொஞ்சம் முன்னாடி சொன்னீங்க. சரி, அதை விடுங்க. எதிர்ல உட்கார்ந்து ஒருத்தர் சொல்லிக் கொடுத்தா என்ன ஆகும்? கண்ணாடியில பார்க்கிற மாதிரிதானே பிள்ளை செய்யும்? வலக்கைக்காரங்க எதிர்ல உட்கார்ந்தா கை மாறி வரலாம்தான், ஆனா டீம்ல மத்த பிள்ளைங்க எல்லாம் காலை நீட்டிக்கிட்டுத்தானே நின்னாங்க, அங்க யாரு சொல்லிக் கொடுத்தது? இடக்கைக்காரங்க எதிர்ல உட்கார்ந்தா வலக்கைப் பழக்கம்தான் வரும். அவங்க சொல்லிக் கொடுத்துக் கை இப்படி மாறி வரணும்னா, பிள்ளையை மடியில உட்கார வெச்சு, பின்னாலேயிருந்து கட்டிப் பிடிச்சு, கை மேல கை வெச்சுச் சொல்லிக் கொடுத்திருக்கணும். டீச்சர் அப்படிச் சொல்லித் தர மாட்டாங்க. கோச்சும் மாட்டாங்க."

வக்கீலம்மா சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"உங்க மரக்கரண்டியைப் பாருங்க. வலக்கையால கிண்டினா தேய வேண்டிய பக்கம் அப்படியே இருக்கு. எதிர்ப்பக்கம்தான் தேஞ்சு போயிருக்கு. ஒரு வருஷத்துல மரம் அவ்வளவு தேயாது. பாப்பா ஆறு வயசுலேயே தானா கட்டிக்கிட்டான்னு சொன்னது நீங்க. இப்ப அவளுக்குப் பதினாலு. அப்போ எட்டு வருஷத்துக்கு முன்னாடி அவளை மடியில வெச்சிருந்தது யாரு?"

ரேடியோ எத்தனை துப்பறியும் கதைகள் படித்திருக்கிறார்! ரத்தக்கறை, கைரேகை, உடைந்த கண்ணாடி என்று எத்தனையோ பார்த்தாயிற்று. ஒரு தாளிலும் பெயர் இல்லாத, ஒரு படத்திலும் முகம் இல்லாத மனுஷி, வளர்த்த பிள்ளையின் பத்து விரல்களுக்குள் தன்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இப்படி ஒரு சாட்சி உலகத்தில் உண்டா என்று அவர் மலைத்துப் போனார். தினமும் இரண்டு தடவை அந்தப் பெண் கயிறு கட்டியிருப்பாள். தினமும் அது கண்ணெதிரே இருந்திருக்கிறது.

"இது விசாரணையில நிக்காது" என்றார் வீட்டுக்காரர். குரல் உடைந்திருந்தது.

"நிக்காதுதான். நீங்க வந்து சொன்னாத்தான் நிக்கும்."

"சொன்னா எனக்கு ஜெயில்மா! தாள் இல்லாதவங்களை ரெண்டு வருஷத்துக்கு மேல வேலைக்கு வெச்சா மூணு வருஷமாமே!"

"யார் சொன்னது?"

"கடைக்கு வர்றவர் ஒருத்தர்..."

"அது போன மாசத்து விதி. இப்ப, மாசக் கடைசிக்குள்ள நீங்களா வந்து சொன்னா அபராதம் மட்டும்தான். மறைச்சு, அப்புறம் தெரிய வந்தாத்தான் வழக்கு. கடைக்கு வர்றவரைக் கேட்ட நேரத்துல ஒரு வக்கீலைக் கேட்டிருக்கலாமே சார்."

இத்தனை நாளும் இல்லாத ஜெயிலுக்குப் பயந்து ஒரு பொய்யைச் சுமந்திருக்கிறார் என்று அவருக்கு உறைக்க நேரம் பிடித்தது.

வீட்டுக்காரம்மாவோ இது எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் மகளின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் காலையிலே கடைக்குப் போனா ராத்திரிதான் வருவேன்" என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. "ஒரு நாள் வந்தப்ப இவ தானா கட்டிக்கிட்டிருந்தா. என் பொண்ணு எவ்வளவு கெட்டிக்காரின்னு சந்தோஷப்பட்டேன். யார் சொல்லிக் கொடுத்தான்னு கேட்கணும்னுகூட எனக்குத் தோணலையே."

"அம்மா" என்றாள் மகள்.

வீட்டுக்காரம்மா எழுந்து செருப்புக்கூட மாட்டாமல் கேட்டை நோக்கி நடந்தாள். வீட்டுக்காரர் தயங்கி நின்றுவிட்டுப் பின்னால் போனார். ரேடியோவும் வக்கீலம்மாவும் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

எல்லாரும் சேர்ந்து வருவதைப் பார்த்து அம்மாள் நடுங்கிப் போனாள். "பாப்பாகிட்ட ஏதாவது கேட்டீங்களா? அவளை ஒண்ணும் திட்டலையே?" என்றாள் முதலில்.

"அவளை யாரும் ஒண்ணும் கேட்கலை" என்றாள் வீட்டுக்காரம்மா. "நாளைக்கு நானே வர்றேன். ஆபீசர் முன்னால சொல்றேன். ஒன்பது வருஷம் என் வீட்டுல இருந்தாங்க, என் பொண்ணை வளர்த்தாங்கன்னு சொல்றேன். இவரும் சொல்வாரு."

வீட்டுக்காரர் தலையசைத்தார். நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அம்மாளுக்குப் புரியவில்லை. அவள் வக்கீலம்மாவைப் பார்த்தாள்.

"அப்போ... நான் இங்க இருந்தேன்னு ஆயிடுச்சுங்களா?"

வக்கீலம்மா கிட்டே வந்து அவள் இடக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இருந்தீங்கம்மா" என்றார். "இனிமேலும் இருப்பீங்க."

அம்மாள் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தெருவோரத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.