தின்னர் துடைத்த அம்புக்குறி

“இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?”

மூன்று பிளாஸ்டிக் குழாய்களும் பளபளவென்று இருந்தன. உள்ளே ஏரியின் அடிமண். வெளியே ஆராய்ச்சி மாணவி சுகிர்தா மார்க்கரால் எழுதியிருந்த பெயரும், எண்களும், எது மேல்பக்கம் என்று காட்டும் அம்புக்குறிகளும்... மாயம்.

“அழுக்கா இருந்துச்சு மேடம். பெயின்ட் தின்னர் போட்டுத் தொடச்சேன்,” என்றான் வசந்தகுமார்.

அவன் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். துடைக்காத பொருளை யாரிடமும் நீட்டிப் பழக்கமில்லை. ஏரிக்கரையில்தான் வீடு. காலையில் ஏரி மண்ணில் குழாயை இறக்க ஆள் தேடியவளுக்குத் தானாக வந்து சம்மட்டி பிடித்தான். வெளியே எடுத்த நீளக் குழாயை மூன்றாக அறுத்துக் கொடுத்ததும் அவன்தான்.

“அந்த மண்ணுல பழைய காலத்துப் பூவோட மகரந்தம் இருக்கு. கீழ போகப் போகப் பழசு. எப்ப காடு இருந்துச்சு, எப்ப மழை குறைஞ்சுதுன்னு அந்த வரிசையை வெச்சுத்தான் சொல்ல முடியும். இப்ப எது மேல, எது கீழ? என் ரெண்டு வருஷ ஆராய்ச்சியே போச்சு.”

முதல் தூறல் விழுந்தது. இனி ஏரி நிரம்பிவிடும். அடுத்த கோடை வரை மண் எடுக்க முடியாது. அவளுடைய பெரிய கண்களில் நீர் தளும்பியது.

அவன் குழாய் முனைகளைத் தடவிப் பார்த்தான்.

“என் கை எப்பவும் கோணலாத்தான் அறுக்கும். ஃபோர்மேன் தெனம் திட்டுவாரு...”

கோணலோடு கோணலைச் சேர்த்தான். ஒரே ஒரு வரிசையில்தான் இடைவெளியில்லாமல் பொருந்தியது.

“சம்மட்டி பட்டு நசுங்கின முனை இது. இதான் மேல.”

நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவ்வளவு திட்டிய பிறகு எப்படி இறங்கி வருவது? வீம்பாக வண்டியேறிப் போய்விட்டாள்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ரிசல்ட் வந்துடுச்சு. கீழ மரத்தோட மகரந்தம், மேல வர வரப் புல்லு. வரிசை சரியா இருந்துச்சு... உங்க கோணல் கையால.” தலை குனிந்தாள். “அன்னைக்குத் தேங்க்ஸ் சொல்லாம போயிட்டேன். அதுவே உறுத்திக்கினு இருந்துச்சு.”

அன்று அவள் விட்டுப்போன மார்க்கரை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

“மூணு மாசமா இத வெச்சிக்கினு சுத்துறீங்களா? கொண்டாந்து குடுத்திருக்கலாமே. காலேஜ் பேரு, போன் நம்பர் எல்லாம் குழாய்ல எழுதியிருந்தேனே...”

“அதத்தான் தொடச்சிட்டேனே.”

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

“தெனம் ஷிப்ட் முடிஞ்சி கரையில நிப்பேன். தண்ணி வத்தினாதான் நீங்க வருவீங்கன்னு... மழை மேலயே கோவம் வந்துச்சு. உங்கள எனக்குப் புடிச்சிருக்கு சுகிர்தா.”

அவள் மார்க்கரின் மூடியைத் திறந்தாள். அவன் உள்ளங்கையை இழுத்துத் தன் நம்பரை எழுதினாள்.

“எனக்கும்தான்,” என்றாள் மெதுவாக. “இதுக்கும் தின்னர் போட்டுடாதீங்க.”